16 ராணிகளை 8 கோர்களுக்குப் பங்கு போடுவது எப்படி

கணினியின் செயலியில் 8 கோர் (தனித்தனியே கணக்குப் போடக்கூடிய பகுதிகள்) இருக்கிறது, நாம் எழுதிய நிரலோ ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது, மற்ற ஏழும் சும்மா கிடக்கின்றன. தேர்வு அட்டவணை, ஷிப்ட் ஒதுக்கீடு, சுடோக்கு, ராணிப் புதிர் என்று எதையாவது தீர்க்க நிரல் எழுதியவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் இந்த ஆசை வரும்: வேலையை எட்டாகப் பிரித்துக் கொடுத்தால் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடாதா? முடியும். சில சமயம் அதைவிடச் சீக்கிரமாகவும் முடியும். ஆனால் எதைப் பிரிப்பது, எவ்வளவு பொடியாகப் பிரிப்பது என்று யோசிக்காமல் இறங்கினால், ஒரு கோரில் ஓடியதைவிட மெதுவாக ஓடும் நிரல் ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

இந்த வகைக் கணக்குகளுக்குச் செயற்கை நுண்ணறிவுத் துறையில் கட்டுப்பாட்டு நிறைவுச் சிக்கல் என்று பெயர். சில மாறிகள், ஒவ்வொரு மாறியும் எடுக்கக்கூடிய மதிப்புகள், மீறக்கூடாத நிபந்தனைகள், அவ்வளவுதான். ராணிப் புதிர் என்பது, எத்தனை ராணியோ அத்தனை வரிசையும் பத்தியும் உள்ள சதுரங்கப் பலகையில் ஒன்றையொன்று தாக்காமல் ராணிகளை வைப்பது. அதில் பலகையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு மாறி, அந்த வரிசையில் ராணி நிற்கும் பத்தி அதன் மதிப்பு, எந்த இரண்டு ராணியும் ஒரே பத்தியிலோ மூலைவிட்டத்திலோ நிற்கக்கூடாது என்பது நிபந்தனை. இந்தப் புதிரையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விடைகள் எத்தனை என்பது உறுதியாகத் தெரியும்: 8 ராணிக்கு 92, 10 ராணிக்கு 724, 12 ராணிக்கு 14,200, 14 ராணிக்கு 3,65,596, 16 ராணிக்கு 1,47,72,512. நிரல் தப்பாக எண்ணினால் அந்த நிமிடமே பிடித்துவிடலாம். இணையாக ஓடும் நிரல்களில் இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது ஒரு முறை பிழை தேடி அலைந்தவர்களுக்குப் புரியும்.

முதலில் ஒரு கேள்வி

உங்களுக்கு எது வேண்டும்? ஏதாவது ஒரு விடை கிடைத்தால் போதுமா, எல்லா விடைகளும் வேண்டுமா, அல்லது விடையே கிடையாது என்பதை உறுதிப்படுத்த வேண்டுமா? இதைத் தீர்மானிக்காமல் மேலே போகவே வேண்டாம், ஏனென்றால் பிரிக்கும் முறையே இதைப் பொறுத்து மாறிவிடுகிறது. எல்லா விடைகளும் வேண்டும், அல்லது விடை இல்லை என்று காட்ட வேண்டும் என்றால் தேடல் மரம் முழுவதையும், அதாவது ஒவ்வொரு தெரிவும் ஒரு கிளையாகப் பிரிந்துபோகும் எல்லா வழிகளையும், யாராவது நடந்து முடித்தே ஆக வேண்டும். அங்கே மரத்தை வெட்டிப் பங்கு போடுவதுதான் வழி. ஒரு விடை போதும் என்றால் கதை வேறு: யார் முதலில் அதிர்ஷ்டமான கிளையில் நுழைகிறார்கள் என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது, அதனால் ஒரே கணக்கை எட்டு பேர் எட்டு விதமாகத் தேடுவது மரத்தை வெட்டுவதைவிட நல்ல பலன் தரலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோரில் ஓடும் நிரலை முதலில் சரியாக எழுதுங்கள். மரம் முழுவதையும் நடக்கும் கணக்கில் 8 கோர் அதிகபட்சம் ஏறக்குறைய 8 மடங்குதான் தரும், ஆனால் மிச்சமிருக்கும் மதிப்புகள் குறைவாக உள்ள மாறியை முதலில் எடு என்ற ஒரே ஒரு விதி பல கணக்குகளில் அதைவிட எத்தனையோ மடங்கு மிச்சப்படுத்தும். ராணிப் புதிருக்கு என்றால், பத்திகளுக்கு ஒன்று, இரு பக்க மூலைவிட்டங்களுக்கு ஒவ்வொன்று என மூன்று முழு எண்களை வைத்துக்கொண்டு பிட் கணக்கிலேயே முடித்துவிடுங்கள், பட்டியல்களைத் திரும்பத் திரும்பச் சுற்றி வர வேண்டாம். மெதுவான நிரலை எட்டாகப் பிரித்துவிட்டு எட்டு மடங்கு வேகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமே இல்லை.

மரத்தை வெட்டுவது

எல்லாரும் முதலில் செய்வது (நானும் இதைத்தான் செய்தேன்) முதல் வரிசையில் ராணி நிற்கக்கூடிய 16 இடங்களையும் 16 துண்டாக்கி, ஆளுக்கு 2 என்று 8 ப்ராசஸ்களுக்கு (தனித்தனியாக ஓடும் நிரல் பிரதிகளுக்கு) கொடுப்பது. ஓடும், விடையும் சரியாக வரும். ஆனால் துண்டுகள் சமமாக இருக்காது, ஓரத்தில் தொடங்கும் துண்டும் நடுவில் தொடங்கும் துண்டும் ஒரே அளவு வேலை இல்லை, அதனால் கடைசியில் ஒருவர் மட்டும் ஓடிக்கொண்டிருக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்க எட்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் முன்னால் மட்டும் சின்ன வெங்காயக் கூடையை முழுதாகக் கவிழ்த்த மாதிரி. மொத்த நேரம் என்பது கடைசி ஆள் எழுந்திருக்கும் நேரம்தான்.

இதற்கு மருந்து துண்டுகளை நிறைய ஆக்குவது. முதல் 2 வரிசைகளிலும் ராணிகளை வைத்துவிட்டு அங்கே வெட்டினால், ஒன்றையொன்று தாக்காத வகைகள் 15 × 14 = 210. முதல் 3 வரிசைகள் என்றால் 2,236. ரெஜின், ரெஸ்குய், மலாபெர்ட் மூவரும் 2013-இல் இந்த எளிய முறையையே எடுத்து ஆராய்ந்தார்கள்: ஒரு தொழிலாளிக்கு, அதாவது ஒரு கோரில் ஓடும் ஒரு ப்ராசஸுக்கு, சுமார் 30 துண்டு இருக்கும்படி வெட்டி, எல்லாவற்றையும் ஒரே க்யூவில் போட்டு, வேலை முடித்தவர் அடுத்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். சிக்கலான வேறு முறைகளோடு இது நன்றாகவே போட்டி போட்டது. நம் கணக்கில் 8 × 30 = 240, ஆகவே இரண்டு வரிசை கொஞ்சம் குறைவு, மூன்று வரிசை தாராளம். நான் மூன்றையே எடுப்பேன். 2,236 துண்டுகளை உண்டாக்க ஆகும் நேரம் மொத்த வேலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வெட்டும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மதிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கி 16 × 16 × 16 துண்டு செய்தால் அதில் பாதிக்குப் பக்கம் பிறக்கும்போதே செத்தவை, நிபந்தனையை ஏற்கெனவே மீறியவை. ஒவ்வொரு துண்டையும் நிபந்தனைச் சோதனை வழியாக அனுப்பி, உயிரோடு இருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள். அப்புறம் பலகையை இடவலமாகத் திருப்பினாலும் விடை விடைதான், ஆகவே முதல் ராணியை இடது பாதியில் மட்டும் வைத்துத் தேடி எண்ணிக்கையை இரண்டால் பெருக்கலாம். 2,236 துண்டு 1,118 ஆகிவிடும். எந்தக் கோரும் தராத இரண்டு மடங்கு இது.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. வழக்கமான பைத்தானில் த்ரெட் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழை) போட்டால் இந்த மாதிரிக் கணக்கு வேகமாகாது, ஒரே நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் குறியீட்டை ஓட்ட விடும் பூட்டு ஒன்று உள்ளே இருக்கிறது, அதனால் மல்ட்டிபிராசஸிங் பக்கம் போங்கள். அங்கே பூல் என்பதன் சாதாரண மேப்பைப் பயன்படுத்தினால் அது துண்டுகளை ஒவ்வொன்றாகத் தராமல் கட்டுக்கட்டாகத் தரும், நீங்கள் கட்டின் அளவைச் சொல்லாவிட்டால் ஒரு தொழிலாளிக்கு நாலு கட்டு வருகிற மாதிரி அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். 210 துண்டு, 8 தொழிலாளி என்றால் ஒரு கட்டில் 7. நீங்கள் பார்த்துப் பார்த்துப் பொடியாக வெட்டியதை அது மறுபடி ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. கட்டின் அளவு 1 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அல்லது வரிசை பார்க்காமல் முடிந்ததை முடிந்தபடி தரும் ஐமேப் வகையை எடுங்கள், அதில் கட்டின் அளவு முதலிலிருந்தே 1.

துண்டு எவ்வளவு பெரியது என்று ஓட்டுவதற்கு முன்பே ஊகிக்க முடியுமா? முடியும், 1975-இல் டொனால்ட் நூத் காட்டிய வழி இன்றைக்கும் அழகாக வேலை செய்கிறது. வேரிலிருந்து கிளம்புங்கள், ஒவ்வொரு படியிலும் எத்தனை வழி திறந்திருக்கிறது என்று எண்ணி, அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து இறங்குங்கள், வழிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் பெருக்கலைக் கூட்டுங்கள். முட்டுச் சந்தில் நின்றதும் கிடைக்கும் கூட்டுத்தொகை மரத்தின் மொத்தக் கணுக்களுக்கு, அதாவது தேடலில் தொடும் நிலைகளுக்கு, ஒரு மதிப்பீடு. 8 ராணி மரத்தில் வேரையும் சேர்த்து 2,057 கணுக்கள் உள்ளன, நீங்களே செய்து சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மட்டும் இங்கே செல்லாது, ஒரு சோறு பச்சரிசியாகவும் அடுத்தது குழைந்தும் வரும், நூறு இருநூறு முறை இறங்கிச் சராசரி எடுங்கள். அதை வைத்துப் பெரிய துண்டுகளை முதலில் ஓட விடுங்கள், சிறியவை கடைசியில் இடுக்குகளை நிரப்பிக்கொள்ளும்.

மரம் கோணலாக இருந்தால்

ராணிப் புதிர் ஓரளவு ஒழுங்கான மரம். தேர்வு அட்டவணை அப்படி இல்லை. நூறு பாடங்கள், பொதுவான மாணவர்கள் உள்ள இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் வரக்கூடாது, ஹாலில் இத்தனை பேர்தான் உட்கார முடியும் என்று நிபந்தனைகள் சேரும்போது, ஒரு கிளை நான்கு படியில் செத்துவிடும், பக்கத்துக் கிளை மணிக்கணக்கில் இழுக்கும். எவ்வளவு பொடியாக வெட்டினாலும் ஒரு துண்டுக்குள்ளேயே பெரும்பகுதி வேலை ஒளிந்திருக்கலாம். இங்கே முன்கூட்டியே வெட்டுவதை விட்டுவிட்டு, வேலை இல்லாதவர் வேலை இருப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாற வேண்டும். வொர்க் ஸ்டீலிங் என்பார்கள்.

ஒவ்வொரு தொழிலாளியும் தான் இன்னும் தொடாத கிளைகளை இருபக்கமும் திறந்த ஒரு வரிசையில் வைத்திருப்பார். தனக்கு வேலை வேண்டுமென்றால் கடைசியாகச் சேர்த்ததை எடுப்பார். திருட வருபவர் எதிர்ப் பக்கத்திலிருந்து, அதாவது மிகப் பழையதை எடுப்பார். காரணம் எளிது: பழைய கிளை மரத்தின் உச்சிக்குப் பக்கத்தில் இருப்பது, அதனடியில் பெரும்பாலும் நிறைய வேலை இருக்கும், ஒரு தடவை திருடினால் ரொம்ப நேரத்துக்குத் திரும்பி வரத் தேவையில்லை. கொடுக்கும்போது மாறிகளின் மொத்த நிலைமையையும் நகலெடுத்து அனுப்ப வேண்டாம், வேரிலிருந்து அந்தக் கிளை வரை எடுத்த முடிவுகளை மட்டும் அனுப்புங்கள், வாங்கியவர் அவற்றைத் தன் பக்கத்தில் மறுபடி செய்துகொள்வார். பத்து எண்கள் போகும் இடத்தில் பல மெகாபைட் போக வேண்டியதில்லை.

இதில் பலரும் சறுக்குவது முடிவை அறிவிக்கும் இடத்தில். எல்லா வரிசையும் காலி என்றால் வேலை முடிந்தது என்று எழுதிவிடுவார்கள், ஆனால் அந்த நொடியில் ஒருவர் கையில் ஒரு கிளை இருக்கலாம், அது அடுத்த நொடியில் பத்துக் குழந்தைகளைப் பெற்றுப்போடலாம். பொதுவான எண்ணி ஒன்று வையுங்கள். குழந்தைக் கிளைகளை வரிசையில் போடுவதற்கு முன் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அதற்குப் பிறகுதான் தாய்க் கிளைக்காக ஒன்றைக் கழியுங்கள். இந்த முன்பின் மாறினால் எண்ணி ஒரு கணம் பூச்சியத்தைத் தொட்டு எல்லாரும் கிளம்பிப் போய்விடுவார்கள். ஆயிரத்தில் ஒரு முறை மட்டும் வரும் பிழை, அதனாலேயே கொடியது.

குறைந்த செலவு, குறைந்த நாட்கள் என்று சிறந்த விடையைத் தேடும் கணக்கானால், இதுவரை கிடைத்த சிறந்த மதிப்பை எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு கணுவிலும் லாக் போட்டுக் காத்திருக்காதீர்கள். கொஞ்சம் பழைய மதிப்பைப் படித்தாலும் விடை தப்பாகாது, வெட்ட வேண்டிய கிளையைச் சற்றுத் தாமதமாக வெட்டுவோம், அவ்வளவுதான்.

எதை இணையாக்க முயலக் கூடாது

நிபந்தனைகளை வைத்து ஆகாத மதிப்புகளைக் களையும் வேலையையே எட்டு கோர்களுக்குப் பிரிக்கலாமே என்று தோன்றும். 1990-இல் சைமன் காசிஃப் இந்தக் களையெடுப்பு, அதாவது ஆர்க் கன்சிஸ்டன்சி, பி-கம்ப்ளீட் வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார். அதாவது எவ்வளவு கோர் சேர்த்தாலும் எல்லாக் கணக்குகளிலும் பெரிய வேகம் தரும் வழி இருக்கும் என்று நம்ப இடமில்லை. ஏன் என்று சின்னதாக யோசித்துப் பாருங்கள்: முதல் மாறி இரண்டாவதைவிடச் சிறியது, இரண்டாவது மூன்றாவதைவிடச் சிறியது என்று நூறு மாறிகள் சங்கிலியாக நிற்கின்றன. முதலாவதில் ஒரு மதிப்பு போனால்தான் இரண்டாவதில் போகும், அது போனால்தான் மூன்றாவதில். எட்டு பேர் இருந்தாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். நிபந்தனை ஒவ்வொன்றும் மிகக் கனமாக இருந்தால் ஒழிய, என் கருத்து இதைத் தொடாதீர்கள் என்பதே.

ஒரு விடை போதும் என்பவர்களுக்கு

இங்கே முதல் வேலை நிரல் எழுதுவது இல்லை, அளப்பது. ஒரே கணக்கை ஒரே கோரில், சமமான தெரிவுகளில் எதை எடுப்பது என்பதை மட்டும் சீட் எண்ணை (குருட்டாம்போக்குத் தேர்வைத் தொடங்கிவைக்கும் எண்ணை) மாற்றி மாற்றி, 50 முறை ஓட்டி நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரம் என்றால் எட்டு சீட்களை ஒன்றாக ஓட்டி ஒரு பயனும் இல்லை, மின்சாரம்தான் எட்டு மடங்கு. மாறாக, சில ஓட்டங்கள் இரண்டு நொடியிலும் சில இரண்டு மணி நேரத்திலும் முடிந்தால் புதையல் கிடைத்த மாதிரி, எட்டையும் ஒன்றாக ஓட விட்டு முதலில் முடிவதை எடுத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினால் எட்டு மடங்குக்கு மேலேயே வேகம் வரலாம். முட்டினால் பின்வாங்கித் தேடும் முறைகளில் இந்த நீண்ட வால், அதாவது சில ஓட்டங்கள் மட்டும் மிக நீளமாக இழுப்பது, அடிக்கடி வரும் என்பதை கோமஸும் செல்மனும் தங்கள் குழுவினரோடு சேர்ந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். வால் நீளமாக இருந்தால் ஒரே கோரிலும் பலன் எடுக்கலாம்: கொஞ்ச நேரம் தேடி, கிடைக்காவிட்டால் புது சீட்டோடு முதலிலிருந்து தொடங்குவது. எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை என்பதற்கு 1993-இல் வந்த லூபி வரிசை இருக்கிறது, 1, 1, 2, 1, 1, 2, 4 என்று போகும். அதை முதலில் போட்டுப் பாருங்கள், அதன் பிறகும் ஓட்டங்கள் வேறுபட்டால்தான் எட்டு பேரைக் கூப்பிட வேண்டும்.

எட்டு பேரும் வெறும் சீட்டில் மட்டும் வேறுபடாமல், மாறியைத் தேர்ந்தெடுக்கும் விதியிலேயே வேறுபட்டால் இன்னும் நல்லது. அவர்கள் தோற்ற காரணங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் உதவும், ஆனால் எல்லாவற்றையும் சொன்னால் கேட்கவே நேரம் போய்விடும். 2008 வாக்கில் வந்த மேனிசாட் என்ற சால்வர் (இந்த வகைக் கணக்குகளைத் தீர்க்கும் நிரல்) எட்டு உறுப்புகளுக்கு மேற்படாத சிறு விதிகளை மட்டும் பகிர்ந்தது. கூகுளின் ஓஆர்-டூல்ஸில் உள்ள சிபி-சாட் சால்வரும் இந்த வழியில்தான் போகிறது: தொழிலாளிகளின் எண்ணிக்கையை நீங்கள் சொன்னால் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு உத்தி தந்து, கிடைத்த தகவலைப் பகிர்ந்துகொள்ளச் செய்யும். உண்மையான தேர்வு அட்டவணை போட வேண்டியவர்கள் சொந்தமாக எழுதாமல் இதையே எடுங்கள். மரம் வெட்டக் கற்றுக்கொண்டது வீணாகாது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதைச் சரியாகப் பழக்க முடியும்.

பெரிய அளவில்

ராணிகளின் எண்ணிக்கை 27 ஆனபோது, டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் ஒன்று 2016-இல் விடையை எண்ணி முடித்தது: 2,34,90,79,67,15,41,22,528. அவர்கள் முதல் சில வரிசைகளில் வெட்டவில்லை. பலகையின் நான்கு ஓரங்களிலும் இரண்டு கட்ட அகலத்துக்கு ராணிகளை முதலில் வைத்துவிட்டு, உள்ளே மிஞ்சிய பகுதியைத் துண்டாகக் கொடுத்தார்கள். ஓரத்தை முதலில் நிரப்பியதால் சமச்சீரில் ஒன்றாகிவிடும் நிலைகளை வெட்டும்போதே கழிக்க முடிந்தது. எங்கே வெட்டுகிறோம் என்பது இவ்வளவு பெரிய விஷயம்.

அதே ஆண்டில் ஹியூல், குல்மான், மாரெக் மூவரும் இன்னொன்றைச் செய்தார்கள். 1 முதல் உள்ள எண்களை இரண்டு நிறத்தால் தீட்ட வேண்டும், பித்தாகரஸ் மும்மை எதுவும், 3, 4, 5 மாதிரி, ஒரே நிறத்தில் வரக்கூடாது. 7,824 வரை முடியும், 7,825-க்கு முடியாது. முடியாது என்று காட்ட, முதலில் ஒரு நிரல் தொலைநோக்கோடு பார்த்துப் பார்த்துக் கணக்கைச் சுமார் 10 லட்சம் துண்டுகளாக வெட்டியது, பிறகு வேகமான சால்வர் ஒவ்வொன்றையும் தின்றது. டெக்சாஸில் இருந்த ஸ்டாம்பீட் கணினியின் 800 கோர்களில் சுமார் 2 நாள், நிரூபணக் கோப்பு 200 டெராபைட். நம் 2,236 துண்டுக்கும் இதற்கும் கொள்கை ஒன்றுதான், வெட்டும் கத்தி மட்டும் கூர்மை.

அளக்கும்போது

வேகம் எத்தனை மடங்கு என்று சொல்லும்போது, இணை நிரலை ஒரு கோரில் ஓட்டிய நேரத்தோடு ஒப்பிடாதீர்கள், உங்களிடம் உள்ள மிகச் சிறந்த ஒற்றைக் கோர் நிரலோடு ஒப்பிடுங்கள். நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால் 16 கோரிலும் 6.4 மடங்குக்கு மேல் வராது, அம்டால் 1967-இல் சொன்ன கணக்கு இது, ஆகவே துண்டுகளை உண்டாக்கும் பகுதியையும் விடைகளைச் சேர்க்கும் பகுதியையும் தனியே அளந்து வையுங்கள். மடிக்கணினியில் எல்லாக் கோரும் ஓடும்போது சூட்டினால் ஒவ்வொன்றின் வேகமும் குறையும், அதுவும் உங்கள் கணக்கில் வரும். ஒரு விடை தேடும் கணக்கில் 20 மடங்கு வந்தால் ஒரு ஓட்டத்தை வைத்து நம்ப வேண்டாம், பல சீட்களில் சராசரி எடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் அதன் எண்ணையும் அதில் கிடைத்த விடைகளின் எண்ணிக்கையையும் கோப்பில் ஒரு வரியாக எழுதுங்கள். இரவு முழுக்க ஓடும் வேலையில் ஒரு ப்ராசஸ் மெமரி போதாமல் சத்தமின்றிச் செத்துவிட்டால், மற்றவை முடித்துவிட்டு விடை இல்லை என்று சொல்லிவிடும், நாமும் நம்பிவிடுவோம். எனக்கு ஒரு அட்டவணைக் கணக்கில் இது நடந்தது, மூன்று நாள் நிபந்தனைகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், தொலைந்துபோன ஒரே ஒரு துண்டில்தான் விடை இருந்தது. இப்போதெல்லாம் விடையைப் பார்ப்பதற்கு முன் வரிகளை எண்ணுகிறேன். 2,236 துண்டு கொடுத்தால் கோப்பில் 2,236 வரி இருக்க வேண்டும்.